வீட்டுப் புல்தரையில் சருகு மெத்தையும் களைகளும்

உழவர் பெருமக்கள் பலர் இன்று வீட்டின் முன்புறம் ஒன்றிரண்டு சென்ட் நிலத்தில் புல்தரை அமைத்திருக்கிறார்கள். புழுதி அடங்குகிறது, முற்றத்துச் சூடு தணிகிறது, குழந்தைகள் விளையாட இடம் கிடைக்கிறது. அருகிலுள்ள பள்ளி, கோயில், திருமண மண்டபம் ஆகியவற்றின் புல்தரைகளைப் பராமரிக்கும் வேலையை எடுத்துச் செய்வோரும், கொரியன் புல்லைப் பத்தைகளாக வளர்த்து விற்பவர்களும் உங்களிடையே உண்டு.

புதிதாக அமைத்த புல்தரை இரண்டு மூன்று ஆண்டுகள் அழகாக இருக்கும். அதன் பின்னர் ஒரே மாதிரியான குறைகள் எழும். "எவ்வளவு தண்ணீர் விட்டாலும் புல் வாடுகிறது." "களையைப் பிடுங்கப் பிடுங்க மீண்டும் முளைக்கிறது." இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டு காரியங்கள். தண்ணீரையும் யூரியாவையும் கூட்டுகிறார்கள். கடையில் களைக்கொல்லி வாங்கித் தெளிக்கிறார்கள். தண்ணீரும் யூரியாவும் குறையை வளர்க்கின்றன. களைக்கொல்லியோ சில சமயம் பக்கத்து வயலையும் கெடுக்கிறது.

இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அது பசும்புல்லுக்கும் மண்ணுக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாமல் படிந்து கிடக்கும் மட்காத தண்டுகளின் அடுக்கு. இதனைச் சருகு மெத்தை எனலாம். இதை நீக்கிப் புல்லை அடர்த்தியாக வளரச் செய்துவிட்டால் களைகளில் பெரும்பகுதி தலைதூக்க இடமின்றிப் போகும்.

சருகு மெத்தை என்பது என்ன?

அருகு, கொரியன் புல், எருமைப்புல் எனப்படும் அகன்ற இலைப்புல் ஆகியவை யாவும் தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேரூன்றுபவை. இவற்றின் ஓடு தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. பழைய தண்டுகளும் வேர்களும் மடிகின்றன. புதியவை மேலே படர்கின்றன. மடிவது மட்குவதைவிட விரைவாக நடந்தால் இடையில் ஓர் அடுக்கு சேர்ந்துகொண்டே போகும்.

வெட்டி விடப்படும் புல்லின் நுனிகளால்தான் இந்த மெத்தை உண்டாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. இலை நுனிகள் மென்மையானவை; அவற்றில் பெரும்பகுதி நீர். நல்ல மண்ணில் அவை ஒரு சில வாரங்களில் மட்கிவிடும். எளிதில் மட்காத நார்ப்பொருள் மிகுந்திருப்பது தண்டிலும் கணுவிலும் வேரிலும்தான். மெத்தையாகச் சேர்வன அவையே.

அரை அங்குலம், அதாவது 1.25 செ.மீ. கனம் வரை இந்த அடுக்கு இருப்பதால் தீங்கு இல்லை, நன்மையே உண்டு. அது வெயிலிலிருந்து மண்ணைக் காக்கும். மிதிபடும்போது புல்லுக்குத் தாங்கலாக இருக்கும். அந்த அளவைத் தாண்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

ஏன் சேருகிறது?

1. தழைச்சத்து மிகுதி: யூரியாவை அடிக்கடி இட்டால் தண்டுகள் மண்ணில் மட்கும் வேகத்தை மீறி வளர்கின்றன.

2. நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் தெளித்தல்: மேற்பரப்பு மட்டும் நனைவதால் வேர்கள் கீழே இறங்காமல் மேலேயே படர்கின்றன.

3. மண் இறுக்கம்: வண்டி நிறுத்துவதாலும், ஒரே தடத்தில் நடப்பதாலும், வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் தூளும் சிமெண்டும் கலந்த மண்ணாலும் தரை இறுகிவிடுகிறது. காற்றில்லாத மண்ணில் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நன்கு செயற்படுவதில்லை.

4. மண்புழுக்களின் அழிவு: மண்புழு தண்டுத் துண்டுகளை மண்ணோடு கலந்து மட்கச் செய்கிறது. எறும்புக்கும் கறையானுக்கும் என்று புல்தரையில் பூச்சிமருந்தை அடிக்கடி ஊற்றினால் இந்த இலவச வேலையாளும் சாகிறான்.

5. நெடுநாள் வெட்டாமல் விட்டு ஒரேயடியாக வெட்டுதல்: இதனால் இலை குறைந்து தண்டு முற்றி நார்ப்பொருள் மிகுகிறது.

நேரும் தீங்குகள்

ஓலைக் கூரையின் மேல் விழுந்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுவதை அறிவீர்கள். கனத்த சருகு மெத்தை செய்வதும் அதுவே. நன்கு காய்ந்த மெத்தை நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. விட்ட நீர் சரிவை நோக்கி ஓடிவிடும். எஞ்சியது மெத்தையிலேயே தங்கி ஆவியாகும். கீழே மண் வறண்டே கிடக்கும்.

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதன்மேல் 2.5 செ.மீ. உயரத்துக்கு நீர் விட்டால் 1,000 லிட்டர் செலவாகும். இரண்டு சென்ட் புல்தரைக்கு ஒரு முறைக்கு 2,000 லிட்டர். தென்னை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் வீதம் என்று வைத்துக்கொண்டாலும் இது 40 தென்னைகளின் ஒரு நாளைய நீர். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே கிணறுதான் என்றால், மெத்தையில் வீணாகும் ஒவ்வொரு குடமும் பயிருக்குரிய நீரே என்பதை மறக்கக்கூடாது.

மேலும், வேர்கள் மண்ணுக்குள் செல்லாமல் ஈரமுள்ள மெத்தையிலேயே ஓடத் தொடங்கும். இத்தகைய புல் இரண்டு நாள் நீர் இல்லையென்றாலும் வாடிவிடும். மெத்தைக்குள் புழுக்களும் பூச்சிகளும் ஒளிந்து வாழும். பூசண நோய்களும் எளிதில் பரவும். புல் திட்டுத் திட்டாகக் காயும். காய்ந்த திட்டில் வெளிச்சம் தரையை எட்டும். வெளிச்சம் எட்டிய இடத்தில் களை முளைக்கும். புல்லின் தோல்வியே களையின் வெற்றி என்பது இதனால்தான்.

எவ்வாறு கண்டறிவது?

புல்தரையின் மேல் வெறுங்காலுடன் நடந்து பாருங்கள். பஞ்சின்மேல் நடப்பதுபோல் அழுந்தி எழுந்தால் மெத்தை கனத்துவிட்டது என்று ஐயுறலாம். பின்னர் ஒரு பழைய கத்தியால் மூன்று நான்கு இடங்களில் 10 செ.மீ. ஆழத்துக்கு முக்கோணமாகக் கீறி, ஒரு பத்தையை எடுத்துப் பாருங்கள். மேலே பச்சை இலை, அடியில் மண், இடையில் பழுப்பு நிறத்தில் நார்போன்ற அடுக்கு தெரியும். இந்தப் பழுப்பு அடுக்கை மட்டும் அளவுகோலால் அளக்க வேண்டும்.

* 1.25 செ.மீ. வரை: நீக்க வேண்டியதில்லை.
* 1.25 முதல் 2.5 செ.மீ. வரை: இந்தப் பருவத்திலேயே வாரி எடுக்க வேண்டும்.
* 2.5 செ.மீ.க்கு மேல்: ஒரே முறையில் முழுவதையும் எடுக்கக்கூடாது. வேர்கள் மெத்தையிலேயே இருப்பதால் புல்லும் சேர்ந்து போய்விடும். இரண்டு மூன்று தவணைகளாக, ஒவ்வொரு முறையும் புல் முழுவதும் தேறிய பின்னரே, எடுக்க வேண்டும்.

அளந்த பத்தையை அதே குழியில் வைத்து மிதித்து நீர் விட்டால் அது மீண்டும் பற்றிக்கொள்ளும்.

நீக்க ஏற்ற காலம்

வாரி எடுப்பது புல்லுக்கு ஒரு காயம் போன்றது. காயம் ஆற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். ஆகையால் புல் விரைவாக வளரும் காலத்தில், நீர் வசதி உள்ளபோது இதனைச் செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றின் சாரலைப் பெறும் மேற்கு மாவட்டங்களில் ஆனி, ஆடி மாதங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள கடலோர மாவட்டங்களில் ஆவணியில் செய்துவிட்டால், ஐப்பசியில் பெருமழை தொடங்குமுன் புல் மீண்டும் மூடிக்கொள்ளும். தரை மூடாத நிலையில் பெருமழை பிடித்தால் மேல்மண் அரித்துச் செல்லும். கிணற்றில் நீர் குறைந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களிலும், வளர்ச்சி மந்தமாகும் மார்கழியிலும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நீக்கும் முறை

முதற்படி, களை எடுத்தல். வாரும் முன்னரே பெரிய களைகளை வேருடன் எடுத்துவிட வேண்டும். விதையுள்ள களைகளை விட்டுவிட்டு வாரினால் விதைகளைப் புல்தரை முழுவதும் நாமே விதைத்தது போலாகும்.

இரண்டாம்படி, நீர் விடுதல். முதல் நாள் மாலை மிதமாக நீர் விடுங்கள். மண் பதமான ஈரத்துடன் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் புல் பத்தையோடு பெயர்ந்துவரும். காய்ந்திருந்தால் வாரியின் பல் இறங்காது.

மூன்றாம்படி, குட்டையாக வெட்டுதல். அருகம்புல்லாயின் வழக்கமான உயரத்தில் பாதியளவுக்கு வெட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை, இந்த வேலைக்காக மட்டுமே இவ்வளவு குட்டையாக வெட்டலாம்.

நான்காம்படி, வாருதல். இரும்புப் பற்கள் உள்ள வாரி தேவை. கடைகளில் ரேக் என்ற பெயரில் கிடைக்கிறது. ஊர்க் கொல்லுப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். பற்கள் உறுதியாகவும், இரண்டு விரல் இடைவெளிக்குள்ளும் இருக்க வேண்டும். பற்கள் மெத்தையை ஊடுருவி மண்ணை இலேசாகத் தொடும்படி அழுத்தி, உங்களை நோக்கி இழுங்கள். முதலில் வடக்குத் தெற்காகவும், பின்னர் கிழக்கு மேற்காகவும், உழவில் சாலுக்குக் குறுக்கே சால் ஓட்டுவதுபோல வார வேண்டும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்றே நீர் விட்டு முடிப்பது நல்லது. திறந்த தண்டுகள் வெயிலில் காயக்கூடாது.

புல் வகைக்கேற்ப கையின் அழுத்தம் மாற வேண்டும். அருகுக்கு மண்ணுக்கடியிலும் தண்டு உண்டு. அழுத்தி வாரினாலும் கீழிருந்து துளிர்த்துவிடும். கொரியன் புல்லுக்கும் அடித்தண்டு உண்டு எனினும் அது மெதுவாகவே தேறும். ஆதலால் மிதமாக வார வேண்டும். அகன்ற இலை எருமைப்புல்லுக்கு மண்ணுக்கடியில் தண்டே கிடையாது. மேலே ஓடும் தண்டுகள் மட்டுமே அதன் உயிர். அழுத்தி வாரினால் புல்தரையையே இழக்க நேரும். இந்தப் புல்லில் காய்ந்த சருகைக் கையாலும் மூங்கில் வாரியாலும் இலேசாக எடுத்துவிட்டு, கீழே கூறியுள்ளபடி துளையிட்டு மண் தூவுவதே போதுமானது.

ஐந்தாம்படி, துளையிடுதல். இறுகிய தரைக்கு இது இன்றியமையாதது. கூரிய இரும்புக் கம்பியையோ கவைக்கோல் போன்ற முட்கருவியையோ 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி எடுங்கள். குத்துக்குக் குத்து ஒரு சாண் இடைவெளிக்கு மிகாமல் இருக்கட்டும். காற்றும் நீரும் வேரை எட்ட இது வழி செய்யும்.

ஆறாம்படி, மேல்மண் தூவுதல். சலித்த செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அரை செ.மீ. கனத்துக்கு மட்டும் தூவுங்கள். ஒரு சென்ட்டுக்கு 15 லிட்டர் கொள்ளும் இரும்புச் சட்டியால் 13 அல்லது 14 சட்டி போதும். தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கினால் கலவை துளைகளிலும் தண்டுகளின் இடையிலும் இறங்கிவிடும். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய சருகை மட்கச் செய்ய இந்தத் தூவல் உதவுகிறது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். மெத்தையை எடுக்காமலே அதன்மேல் கனமாக மண் கொட்டுவது வழக்கத்தில் உள்ளது. இது மெத்தையைப் புதைப்பதே அன்றி நீக்குவது ஆகாது. இடையில் சிக்கிய சருகு, நீரிறங்காத தட்டாக நெடுநாள் நிற்கும். இரண்டாவதாக, மட்காத சாணமும் ஏரி வண்டலும் களை விதைகளின் களஞ்சியம். அவற்றை அப்படியே தூவக்கூடாது. மேல்மண் கலவையைக் கோடையிலேயே ஈரப்படுத்தி மெல்லிய தட்டாகப் பரப்பி, நிறமற்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விட்டால் களை விதைகளில் பெரும்பகுதி வெந்து போகும்.

ஏழாம்படி, நீரும் உரமும். உடனே நீர் விட்டு, முதல் இரண்டு வாரங்கள் மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் துளிர் தோன்றியதும் சென்ட்டுக்கு 200 கிராம் யூரியாவை இலை காய்ந்திருக்கும் நேரத்தில் சீராகத் தூவி, உடனே நீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டிய யூரியா புல்லைக் கருக்கிவிடும்.

வாரி எடுத்ததை என்ன செய்வது?

இது உழவராகிய உங்களுக்கு மிகவும் முக்கியமான பகுதி. உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி லேராய் ஹோம் முதலிய அறிஞர்கள் 1977-இல் வெளியிட்ட நூலில் கோரைக்கு முதலிடமும் அருகுக்கு இரண்டாமிடமும் தரப்பட்டன. முற்றத்தில் நாம் போற்றி வளர்க்கும் அருகே வயலில் பயிரின் பகை. வாரி எடுத்த குவியலில் உயிருள்ள கணுக்கள் ஏராளமாக இருக்கும். அதை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டினால், வாய்க்கால் நீர் அதனை வயலெங்கும் கொண்டு சேர்க்கும்.

ஆகவே குவியலைக் களத்துமேட்டிலோ சிமெண்டுத் தரையிலோ பரப்பி, ஒடித்தால் ஒடியும் அளவுக்கு வெயிலில் காயவிடுங்கள். காய்ந்தபின் மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாக இடலாம்; சாணமும் மூத்திரமும் ஊறியபின் உரக்குழியில் சேர்க்கலாம். உரக்குழியில் சூடு நன்கு ஏறும்படி சாணக் கரைசல் தெளித்து, இடையிடையே புரட்டிவிட வேண்டும். தீ வைத்துக் கொளுத்துவது நல்ல உரத்தை இழப்பதாகும், வீட்டருகே ஆபத்தும்கூட. காய்ந்த மெத்தையைத் தரையிலேயே கொளுத்தும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

குவியலிலிருந்து இளம் ஓடு தண்டுகளைப் பொறுக்கி, இரண்டு மூன்று கணுக்களுள்ள துண்டுகளாக நறுக்கி, சொட்டை விழுந்த திட்டுகளில் 10 செ.மீ. இடைவெளியில் அன்றே ஊன்றிவிடலாம். இதனால் விதைக்கோ பத்தைக்கோ செலவு இல்லை.

களைகள் சொல்லும் செய்தி

களை என்பது பல சமயம் நோயின் அறிகுறியே. எந்தக் களை மிகுந்திருக்கிறது என்று பார்த்தால் தரையின் குறை விளங்கும். கோரை அடர்ந்திருந்தால் நீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா என்று பாருங்கள்; வறட்சியையும் தாங்கும் களையாயினும் ஈரம் மிகுந்த இடத்தில் அது நன்கு பெருகும். புளியாரையும் அம்மான் பச்சரிசியும் பரவியிருந்தால் புல் மெலிந்து இடைவெளி விழுந்திருக்கிறது அல்லது மிகவும் குட்டையாக வெட்டப்படுகிறது. நெருஞ்சி படர்ந்திருந்தால் அந்த இடம் புல் மூடாமல் வறண்டு கிடக்கிறது. சாரணையும் பார்த்தீனியமும் புதிதாகத் தோன்றினால் அண்மையில் கொண்டுவந்த எருவையோ மண்ணையோ ஐயுற வேண்டும்.

ஓராண்டுக் களைகள் விதையால் மட்டுமே பெருகுபவை. சாரணை, அம்மான் பச்சரிசி, காக்காய்க்கால் புல், பார்த்தீனியம் ஆகியவை இந்த வகை. இவற்றைப் பூக்கும் முன் எடுத்துவிட்டால் பாதி வெற்றி. 1955-இல் புனே நகரில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் இன்று நாடெங்கும் பரவியிருப்பதற்கு அதன் விதைப் பெருக்கமே காரணம். நன்கு வளர்ந்த ஒரு செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அது தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குவதால் கையுறை அணிந்து, பூக்கும் முன் பிடுங்க வேண்டும். குழந்தைகளைக்கொண்டு பிடுங்கச் செய்யக்கூடாது.

பல்லாண்டுக் களைகளை வேர் விடாமல் எடுக்க வேண்டும். மூக்கிரட்டைக்குத் தடித்த ஆணிவேர் உண்டு. மேலே கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். மழை பெய்த மறுநாள் களைக்கொத்தை ஆழ இறக்கி வேருடன் எடுங்கள். தொட்டாற்சுருங்கியைக் காய் பிடிக்குமுன் எடுக்க வேண்டும்; அதன் முட்கள் வெறுங்காலில் ஆடும் குழந்தைகளுக்குத் துன்பம் தரும். புளியாரையின் முற்றிய காய் தொட்ட மாத்திரத்தில் வெடித்து விதையைத் தெறிக்கும். கணுக்களிலும் அது வேரூன்றும். ஆதலால் பச்சைக் காயாக இருக்கும்போதே ஓடுதண்டு முழுவதையும் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

சருகு மெத்தையை வாரிய 15 முதல் 20 நாட்களில், வெளிச்சம் கண்ட விதைகள் ஒரு கூட்டமாக முளைக்கும். இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். மண்ணில் உறங்கிய விதைகள் வெளிப்பட்டு அழிய இதுவே தருணம். அந்த வாரத்திலேயே ஒருமுறையும், அடுத்த மூன்று வாரம் கழித்து மறுமுறையும் எடுத்துவிட்டால், அதற்குள் புல் மூடிக்கொள்ளும்.

கோரையை வெல்லும் வழி

கோரையைக் கையால் இழுத்தால் இலை மட்டுமே வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கும். கிழங்குகள் மெல்லிய கொடியால் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, பெரும்பாலும் மேல் 15 செ.மீ. மண்ணில் இருக்கும். ஒரு கிழங்கைத் தொடரிலிருந்து பிரித்தால், உறங்கிக் கிடந்த பக்கத்துக் கிழங்குகள் விழித்து முளைக்கும். பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறது என்று நீங்கள் சொல்வதன் காரணம் இதுவே.

எனினும் கிழங்கின் சேமிப்பு முடிவற்றதன்று. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் அது தன் மாவுப்பொருளைச் செலவிடுகிறது. புதுக்கிழங்கு உண்டாகத் தொடங்குமுன், அதாவது முளைத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள், மீண்டும் எடுத்துவிட்டால் வரவு இல்லாமல் செலவு மட்டுமே நடக்கும். இவ்வாறு விடாமல் ஒரு பருவம் முழுவதும் செய்தால் கோரை மெலியும். இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டால் செய்த வேலை வீண். ஈரத்தில் களைக்கொத்தால் கிழங்குடன் தோண்டி எடுப்பது மேலும் நல்லது. கோரைக்கு நிழல் ஆகாது. அடர்ந்த புல்லின் நிழலே அதற்குப் பெரும்பகை. முழுவதும் கோரையாகிவிட்ட திட்டை மட்டும் கோடையில் கொத்திப் புரட்டி, கிழங்குகளை வெயிலில் உலரவிட்டுப் பொறுக்கிவிட்டு, பின்னர் புதிதாகப் புல் ஊன்றுவது எளிது.

களைக்கொல்லி தேவையா?

ஒன்றிரண்டு சென்ட் புல்தரைக்குக் கையும் களைக்கொத்துமே போதும். பெரும்பரப்பில் தவிர்க்க இயலாதபோது மட்டுமே களைக்கொல்லியை நாட வேண்டும். அப்போதும் புல்தரைக்கு உரியது என்று சிட்டையில் குறிக்கப்பட்ட மருந்தையே, வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி, குறித்த அளவில் தெளிக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றை மனத்தில் இருத்துங்கள்.

1. 2,4-டி போன்ற மருந்துகள் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் பருத்தி, தக்காளி, திராட்சை ஆகியவை இதன் சாரலில் ஒரு துளி பட்டாலும் இலை சுருங்கிக் கெடும். வீட்டை ஒட்டி இந்தப் பயிர்கள் உங்களுக்கோ அடுத்தவருக்கோ இருந்தால் தெளிக்க வேண்டாம். காற்று வீசும்போது எங்கும் தெளிக்கக்கூடாது.

2. களைக்கொல்லிக்குத் தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கழுவியதாக எண்ணி அதிலேயே பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தால், எஞ்சிய கசடே பயிரைக் கருக்கப் போதும்.

3. கிளைபோசேட் பச்சையாக உள்ள எதையும் கொல்வது; களையையும் புல்லையும் பிரித்தறியாது. புல்தரையின் மேல் தெளிப்பதற்கு அது உரியதன்று.

4. மருந்து தெளித்த தரையிலிருந்து வெட்டிய புல்லை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடக்கூடாது. உரக்குழியிலும் சேர்க்கக்கூடாது, அந்த உரத்தை இட்ட காய்கறிச் செடிகள் கெடக்கூடும். குழந்தைகளையும் கோழிகளையும் அந்தத் தரையில் விடக்கூடாது.

5. உப்பைக் கரைத்து ஊற்றுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் களையோடு மண்ணையும் கெடுப்பவை. அந்த இடத்தில் நெடுநாள் புல்லும் வளராது.

முற்றத்துப் புல் பெரும்பாலும் மாட்டின் வாய்க்கே போகிறது. கறவை மாடு உள்ள வீட்டில் களைக்கொல்லியைத் தவிர்ப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். யூரியா தூவிய பின்னரும் நன்றாக நீர் விட்டு, சில நாட்கள் கழித்தே புல்லை வெட்டித் தீவனமாக்க வேண்டும்.

மெத்தை மீண்டும் சேராதிருக்க

நீர்: நாள்தோறும் தெளிப்பதை நிறுத்தி, மண்ணின் தன்மைக்கேற்ப நான்கு முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை, 15 செ.மீ. ஆழம் நனையும்படி விடுங்கள். நீர் விட்ட மறுநாள் ஒரு நீண்ட கம்பியை அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை எளிதில் இறங்கும், உலர்ந்த இடத்தில் தடைபடும். நடக்கும்போது மிதித்த அடித்தடம் எழும்பாமல் நின்றால் அடுத்த நீருக்கு நேரமாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

வெட்டு: ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக்கூடாது. அருகை 2.5 முதல் 4 செ.மீ. உயரத்திலும், எருமைப்புல்லை 6 முதல் 8 செ.மீ. உயரத்திலும் நிறுத்துங்கள். வெட்டும் கத்தி கூராக இருக்க வேண்டும். மாட்டுக்குத் தேவையில்லாதபோது குறுநுனிகளைத் தரையிலேயே விட்டுவிடலாம்; அது உரமாகும்.

உரம்: இலை கருநீலப் பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்காக யூரியாவைக் கூட்ட வேண்டாம். வெளிர் பச்சை புல்லுக்குக் கேடன்று. மட்கிய தொழு உரத்தை ஆண்டுக்கு ஒருமுறை மேல்மண்ணுடன் இடுவதே முதன்மையான உரமாக இருக்கட்டும்.

காப்பு: பூச்சிமருந்தைத் தேவையின்றி ஊற்றாதீர்கள். மண்புழு எச்சம் மேலே குவிந்திருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். காய்ந்தபின் விளக்குமாற்றால் பரப்பிவிட்டால் அதுவே மேல்மண்.

ஆண்டுக்கு ஒருமுறை கத்தியால் கீறி அளப்பது, அரை அங்குலம் தாண்டினால் வாருவது, வாரிய பின் இரண்டு முறை களை எடுப்பது, ஆழமாகவும் இடைவெளி விட்டும் நீர் விடுவது ஆகிய இந்த நான்கும் புல்தரைப் பராமரிப்பின் சாரம். இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. ஒரு வாரியும் ஒரு களைக்கொத்தும் போதும். இவற்றைத் தவறாது செய்துவந்தால் களைக்கொல்லிச் செலவு மிஞ்சும், கிணற்று நீர் பயிருக்கு மிஞ்சும், முற்றத்துப் புல்லை அச்சமின்றி மாட்டுக்கும் போடலாம். வரும் பருவத்துக்குள் உங்கள் புல்தரையில் ஒரு பத்தையைக் கீறி அளந்து பாருங்கள். அதன் பின்னர் செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தப் பழுப்பு அடுக்கே உங்களுக்குச் சொல்லும்.